பதினேழாம் எண் பெட்டி

காவல் நிலையத்தின் பின்பக்கம் சான்றுப் பொருள் அறையைக் கவனித்துக்கொண்டவருக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். வேறெந்த நிலையத்திலும் போய்ப் பாருங்கள், திருட்டு சைக்கிளும் உடைந்த பூட்டும் எலிப் புழுக்கையும் ஒன்றாகக் கிடக்கும். இவர் அறைத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அந்தச் சுத்தம்தான் ஒரு பெண்ணின் தலையில் கல்லைப் போட்டது. மனிதர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

மேல் தட்டில் நாற்பத்தொரு அட்டைப் பெட்டிகள் இருந்தன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் ஆஸ்பத்திரியில் எடுத்த தடயங்கள். துணி, பஞ்சு, நகத்தடி அழுக்கு எல்லாம் அரக்கு முத்திரையோடு வந்தவை. மேலே எண் மட்டும்தான், பெயர் கிடையாது. அந்தப் பெண்கள் இன்னும் புகாரில் கையெழுத்துப் போடாதவர்கள். இரண்டு வருடம் கழிந்தும் கையெழுத்து வராவிட்டால் பெட்டியை அழிக்கலாம் என்று பழைய விதி. அழித்தே தீரவேண்டும் என்று எவனும் சொல்லவில்லை.

சட்டசபையில் புதுச் சட்டம் நிறைவேறியதை அவர் பேப்பரில் வரிவிடாமல் படித்தார். இனி எத்தனை வருடம் கழித்தும் புகார் கொடுக்கலாம். பெட்டியை இருபது வருடம் வைத்திருக்க வேண்டும். அழிப்பதென்றால் முதலில் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து அமல். நல்ல சட்டம் என்று மனைவியிடம்கூடச் சொன்னார். ஆனால் புத்தி போன போக்கைப் பாருங்கள். இருபது வருடமா, இந்தப் பொந்துக்குள் எங்கே அடுக்குவது என்று ஓடியது. ஒன்றாம் தேதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு வருடம் தாண்டிய நாற்பத்தொன்றையும் பின்முற்றத்தில் போட்டு எரித்தார். எல்லாம் விதிப்படி.

வீட்டுக்குப் போய், "ரூமை ஒழிச்சிட்டேன்" என்றார். நர்ஸ் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, "உங்களுக்கு வேற வேலை என்ன" என்று சிரித்தாள். உடைந்த சைக்கிளை ஒழித்திருப்பார் என்று நினைத்தாள், பாவம். அந்தப் பெட்டிகளைக் கட்டி அனுப்புவது அவள் வார்டுதான். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாம் தேதி காலை ஒரு பெண் வந்தாள். தையல் கம்பெனிக்காரி, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. முன்னறையில் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். செல்போன் உறைக்குள்ளிருந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலாய் மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள். எண் பதினேழு.

"மூணு வருஷம் ஆச்சு சார். அதைச் செஞ்சவன்தான் எனக்கு சூப்பர்வைசர். அப்பா வேற படுக்கையில கிடந்தார், வேலை போனா மருந்துக்கு வழியில்ல. இப்ப சட்டம் வந்திருக்கு, தைரியமா போன்னு நர்ஸக்கா போன் பண்ணாங்க."

நீட்டிய சீட்டை அவர் வாங்கவில்லை. "எந்த நர்ஸ்?"

"பெட்டி கட்டினவங்க. நாலு மணி நேரம் என் கூடவே இருந்தாங்க. இது பத்திரமா இருக்குமான்னு அழுதேன். கவலைப்படாதே, அங்க எங்க வீட்டுக்காரர்தான் இருக்கார், தூசிகூட படவிடமாட்டார்னு சொன்னாங்க. நீங்கதானே சார் அது?"

இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். "ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு எழுதிடுங்க. மழை மேல யார் கேஸ் போடப்போறா?"

பொய் சொல்வானேன், அது கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்தார். பிறகு அந்தப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அறையைத் தானும் பார்த்தார். அதில் எங்கே ஈரம்? 'நான் எரித்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளிடமும் வாய்விட்டுச் சொன்னார்.

அவள் அழவில்லை. "அப்ப என் பேச்சும் அவன் பேச்சும்தானா மிச்சம்?"

"புகார் நிக்கும்மா. புதுச் சட்டத்துல..."

"நிக்கும் சார். எதை வச்சு நிக்கும்?"

அவள் சீட்டைக் கிழித்து எறிந்திருந்தால்கூடத் தேவலை. பழையபடி நாலாய் மடித்துச் செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டுவிட்டாள். "இன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சா? பெட்டியை எடுத்துக் குடுத்தீங்களா?"

சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு. விதிப்படிதான்..." மேலே சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். எத்தனை பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, தூசிகூடப் படாது என்ற அதே வார்த்தையைச் சொல்லியிருப்பாளோ. திட்டுவாள், அழுவாள் என்று அவர் காத்து நின்றார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"இப்ப ரூம் சுத்தமா இருக்கும், இல்ல?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"இருக்கு" என்றார் அவர்.