ஐம்பது சென்டிமீட்டர்

நான்கு மணி நேரம். காலை ஒன்பதுக்கு அடைத்த குழாயைப் பகல் ஒன்றுக்குத் திறந்துவிட வேண்டும். கட்டடத்தின் அந்தப் பக்கத்தில் ஐந்து மாடிக்கும் வெந்நீர் கொண்டுபோவது அந்த ஒரே குழாய்தான். ஒரு மணி தாண்டினால் ஐந்து குடித்தனமும் சண்டைக்கு வந்துவிடும் என்று பிளம்பர் ஜுமாதில் நேற்றே சொல்லியிருந்தார்.

மூன்றாம் மாடியில், ஜன்னலுக்குக் கீழே அசில்கான் வாளியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் கழற்றிய மூட்டிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது.

"காபி மாதிரியே இருக்குல்ல அக்கா?" என்றார் ஜுமாதில்.

"உனக்கு ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா?"

"வேணாம். நான் டீ குடிக்கிற ஆளு."

கனிஷாய் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். இருபத்தேழு வயது. ரொட்டிக் கடையில் வேலை. அசில்கானின் இந்த ஒற்றை அறை வீட்டில் ஒன்றரை வருடமாக வாடகைக்குக் குடியிருக்கிறாள். பிஷ்கெக் நகரில் குளிர்காலத்துக்காக வெந்நீர் திறந்துவிட்டு ஒன்பது நாளாகியும் இந்த அறை ரேடியேட்டர் மட்டும் சில்லென்றே கிடந்தது. போன வாரம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "மாசக் கடைசிக்குள்ள சூடு வரலேன்னா நான் வேற வீடு பார்த்துக்குவேன் அக்கா. தப்பா நெனைக்காதீங்க."

அசில்கான் தப்பாக நினைக்கவில்லை. வாடகை வரும் அன்றே அது மலையூரான நரினுக்குப் போய்விடும். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவள் கணவன் பெய்ஷெனை அங்கே அவன் தம்பி பெண்டாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள். வாடகை நின்றால் அங்கே மாத்திரை நிற்கும்.

சுவருக்குள் டக் டக் டக் என்று சத்தம் வந்தது.

"கீழ்வீட்டு லூபா. கரண்டியால குழாயைத் தட்டுறா" என்றாள் அசில்கான்.

"ஒம்பதே கால்தான் ஆச்சு. அதுக்குள்ளயா?"

"அவ அப்படித்தான். நாங்க குடிவந்த அன்னைக்கும் தட்டுனா. மெத்தையை இழுத்துப் போட்ட சத்தம் அவளுக்கு ஆகலையாம்."

அது எண்பத்தொன்பதாம் வருடம். தையல் ஆலை விடுதியில் ஆறு வருடம் காத்திருந்தபின் கிடைத்த வீடு. மெத்தையை டிராலிபஸ்ஸில் ஏற்ற நடத்துநர் விடவில்லை. பெய்ஷென் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தலையில் வைத்துக்கொண்டு பதினோரு நிறுத்தம் நடந்து வந்தார்கள். வந்ததும் இரண்டு பேரும் இந்த ரேடியேட்டர்மேல்தான் கையை வைத்தார்கள். ஏப்ரல் மாதம்; அது சில்லென்றுதான் இருந்தது. இருந்தாலும் வைத்தார்கள்.

ரேடியேட்டரைத் தூக்க வழிவிட்டு, முன்னால் கிடந்த சோபாவை அசில்கான் இன்னும் நகர்த்தினாள். அடியில் இரண்டு மெத்தைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"சித்தி பொண்ணு வந்திருக்கா அக்கா. ரெண்டு நாளைக்கு" என்றாள் கனிஷாய்.

அசில்கான் தலையாட்டினாள். கை கழுவப் போனபோது குளியலறையில் பல்துலக்கும் பிரஷ் மூன்று இருந்தது. சமையலறை ஜன்னலோரம் ஒரு மடக்குக் கட்டில், விரிப்பில்லாமல். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வெளியே முற்றத்தில் குரல் கேட்டது. "பழைய இரும்பு! பேட்டரி! செம்பு!"

ஜுமாதில் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார். "மேல வாப்பா! தூக்கிட்டுப் போனா உனக்குத்தான்!"

ஏழு பட்டை வார்ப்பிரும்பு. ஓர் ஆள் எடை இருக்கும். இரும்புக்காரன் ஒரு முனையைப் பிடித்தான், ஜுமாதில் மறுமுனையை. கதவு நிலையில் இடித்து ஒரு சில்லுப் பெயிண்ட் உதிர்ந்தது. அசில்கான் அதை எடுத்துப் பார்த்தாள். வெள்ளை, பச்சை, நீலம், மறுபடி வெள்ளை. ஒவ்வொரு மே மாதமும் பெய்ஷென் பெயிண்ட் அடிப்பான். பட்டைகளுக்கு நடுவே பிரஷ் போகாது. குச்சியில் துணியைச் சுற்றி அடிப்பான். குளிர்காலத்தில் பிசைந்த மாவுப் பாத்திரத்தை அவள் போர்வையில் சுற்றி அதன்மேல் சாய்த்து வைப்பாள். காலையில் மாவு பொங்கிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ரேடியேட்டர் இருந்த இடத்தில் மட்டும் சுவரில் ஒட்டிய பழைய காகிதம், நீலப் பூ போட்டது, அப்படியே இருந்தது. அதன் அடியில் தூசிக்குள் என்னவோ உருண்டைகள். கனிஷாய் குனிந்து பொறுக்கினாள்.

"வாதுமைக் கொட்டை மாதிரி இருக்கே?"

"ஆப்ரிகாட் பழக் கொட்டை" என்றாள் அசில்கான். "எம்மவ வேலை. சூடா இருக்கிற எடத்துல வச்சா குளிர்காலத்துலயே மரம் முளைக்கும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். தின்ன கொட்டையையெல்லாம் இதுக்குப் பின்னாடி தள்ளிவிடுவா."

"கொண்டுபோய்க் காட்டுங்க, சிரிப்பாங்க. அவங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"ம். காட்டுறேன்." கொட்டைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜுமாதில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து அட்டைப் பெட்டியைக் கிழித்தார். உள்ளே புது ரேடியேட்டர். வெள்ளை வெளேரென்ற எஃகுத் தகடு. பட்டை இல்லை, தூசி தங்காது. போன குளிர்காலத்திலிருந்து சேர்த்து வைத்துப் போன சனிக்கிழமைதான் சந்தையில் வாங்கியிருந்தாள். கனிஷாய்கூட "ஐ, சூப்பரா இருக்கே" என்றாள்.

ஜுமாதில் அதைக் குழாய்களோடு சேர்த்து வைத்தார். மேல் ஓட்டையைப் பொருத்தினால் கீழே குழாய் சேரவில்லை. கீழே பொருத்தினால் மேலே சேரவில்லை.

"அக்கா, அளவெடுத்தது யாரு?"

"நான்தான்."

"எதால?"

அவள் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தொட்டாள். "ரெண்டு குழாய்க்கும் நடுவுல அம்பது சென்டி. மூணு தடவ பார்த்தேன். பெட்டியிலயும் ஐந்நூறு மில்லிமீட்டர்னுதானே போட்டிருக்கு?"

"அது தகட்டோட உயரம் அக்கா. ஓட்டைக்கு ஓட்டை நாப்பத்தஞ்சுதான் வரும். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுத்துட்டீங்களே."

"சட்டைன்னா நான் தப்பே பண்ண மாட்டேன்."

"அதான் சொல்றேன். நானும் பெட்டியைப் பார்த்து நம்பிட்டேன், மடையன். குழாயை வெட்டி வெல்டிங் வைக்கணும். அதுக்கு இன்னொரு நாள், இன்னொரு அனுமதி. மாசக் கடைசிக்குள்ள ஆகாது."

"திருப்பிக் குடுத்தா?"

"அட்டையைக் கிழிச்சாச்சே. எடுக்க மாட்டான்."

டக் டக் டக் என்றது சுவர். மணி பத்தே முக்கால்.

"பழசையே அலசி மாட்டலாமா?" என்றாள் அசில்கான்.

ஜுமாதில் ஜன்னலை எட்டிப் பார்த்தார். முற்றத்தில் இரும்புக்காரனின் வண்டி இல்லை.

அசில்கான் வீட்டுச் செருப்போடு ஓடினாள். முதல் பனி விழுந்து, மிதிபட்டுச் சேறாகியிருந்தது. தெருமுனைக் கடைக்கு முன்னால் மூன்று சக்கர வண்டியை நிறுத்திவிட்டு இரும்புக்காரன் வறுத்த சூரியகாந்தி விதை வாங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது திரும்ப வேணும்."

"எது?"

"ரேடியேட்டர்."

"குடுத்ததைத் திரும்பக் கேக்குறது நாய் பழக்கம் அக்கா."

"நாய்னே வச்சுக்க. குடு."

"மூணு மாடி எறக்கியிருக்கேன். இடுப்பு போச்சு. நான் மனசுக்குள்ளயே எடை போட்டு வித்துக் காசையும் செலவு பண்ணிட்டேன்."

அவள் அவன் ஜாக்கெட்டைப் பார்த்தாள். வலது கை தோள்பட்டையில் தையல் விட்டு, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தொங்கியது.

"கழட்டு."

"என்னது?"

"ஜாக்கெட்டைக் கழட்டுடா. குளிருதுன்னா போட்டுக்கிட்டே நில்லு, அசையாத."

அவள் கோட்டுக் காலரின் அடிப்புறத்தில் நூல் கோத்த ஊசி எப்போதும் குத்தியிருக்கும். அதை எடுத்தாள். அவன் விதையைக் கொறித்துக்கொண்டு கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பஞ்சை உள்ளே தள்ளி, பின்தையல் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். விரல்கள் சிவந்துபோயிருந்தன.

அவன் கையை ஆட்டிப் பார்த்தான். "இது என்னை விட நாள் தாங்கும் போல."

"தாங்கும். வண்டியைத் திருப்பு."

முற்றத்தில், நிலவறைக் குழாயிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்தார் ஜுமாதில். ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி, தண்ணீரை விட்டு, மரச்சுத்தியால் பட்டை பட்டையாகத் தட்டினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்புச் சேறு, கட்டி கட்டியாக, பனிமேல் விழுந்தது. இரும்புக்காரன் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தான். லூபா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என் ஜன்னலுக்குக் கீழதான் கொட்டணுமா? முப்பத்தஞ்சு வருஷமா உன்னோட இதே ரோதனை, அசில்கான்!"

"ஒரு மணிக்குச் சூடு வரும், ஜன்னலைச் சாத்து!"

சேறு நின்று, தண்ணீர் தெளிந்து வந்தபோது ஜுமாதில் சுத்தியைக் கீழே போட்டார். "இது கெட்டே போகல அக்கா. மூக்கடைச்சுக் கிடந்திருக்கு. போன வருஷமே என்னைக் கூப்பிட்டிருந்தா அரை நாள் வேலை. அந்தத் தகடே வேண்டியதில்ல."

அவள் ரேடியேட்டரைத் தன் பழைய தலைத்துணியால் துடைத்தாள்.

மறுபடி மேலே தூக்கிப்போய் மாட்டி, பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கடைசி மூட்டை இறுக்கினார்கள். ஜுமாதில் நிலவறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். சுவருக்குள் கடகடவென்று இரைச்சல். அவர் திரும்பி வந்து ரேடியேட்டர் ஓரத்திலிருந்த சிறு திருகைத் தளர்த்தியதும் காற்று சீறி, அடங்கி, தண்ணீர் எட்டிப் பார்த்தது. அசில்கான் முதல் பட்டையில் கையை வைத்தாள். இரண்டாவது. ஏழாவது பட்டையில் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"சுடுதா?" என்றாள் கனிஷாய்.

"சுடுது."

கீழிருந்து இரண்டே தட்டு, மெதுவாக.

ஜுமாதில் போன பிறகு அசில்கான் தன் கைகளைப் பார்த்தாள். "துரு ஒட்டிக்கிச்சு. குளிச்சுக்கட்டுமா, கனிஷாய்?"

"உங்க வீடு, என்னைக் கேக்குறீங்களே."

அசில்கான் வந்தபோது கொண்டுவந்திருந்த பெரிய பையிலிருந்து துண்டு, சோப்பு டப்பா, மாற்றுத் துணி, ரப்பர் செருப்பு எல்லாம் எடுத்தாள். ரேடியேட்டர் மாற்ற வந்தவள் இதையெல்லாம் ஏன் தூக்கி வந்தாள் என்று கனிஷாய் ஒரு நொடி பார்த்தாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நின்றது. அப்போது கனிஷாயின் போன் அடித்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஆமா, கட்டில் மட்டும்தான். சமையலறைல… இல்ல, இல்ல, பொண்ணுங்களுக்கு மட்டும். முன்ன இருந்தவ கஜகஸ்தான் போயிட்டா… சாயங்காலம் பேசட்டுமா?"

திரும்பினால் அசில்கான் ஈரத் தலையோடு கதவருகே நின்றிருந்தாள்.

கனிஷாய் அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ ஊற்றினாள். ரொட்டியும் ஜாமும் வைத்தாள். அசில்கான் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, முடியைப் பட்டைகள்மேல் விரித்துவிட்டாள். புதுத் தகடு எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சித்தி பொண்ணுன்னு சொன்னது பொய். நாங்க மூணு பேரு. என் சம்பளத்துல ஒருத்தியா வாடகை கட்ட முடியல. வேணும்னா கொஞ்சம் கூட்டிக் கேளுங்க, காலி பண்ணச் சொல்லாதீங்க."

"அந்தக் கட்டிலை யாருக்காச்சும் சொல்லிட்டியா?"

"இல்ல. இனிமே யாரையும் சேர்க்கல, சத்தியமா."

"பொண்ணுங்களுக்கு மட்டும்னியே. அம்பத்தெட்டு வயசுன்னா ஆகாதா?"

"யாருக்கு அக்கா?"

அசில்கான் கோட்டுப் பையிலிருந்து ஆப்ரிகாட் கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக ரேடியேட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கடைசிக் கொட்டை உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் பேசினாள்.

"எம்மவ இங்க இல்ல. அவ ரஷ்யா போயி நாலு வருஷமாச்சு. இந்த வீட்டை உனக்கு விட்டதுலேர்ந்து நான் வேலை பார்க்கிற தையல் பட்டறையில துணி வெட்டுற மேசை மேலதான் படுக்குறேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து அங்க ராத்திரி வேலை தொடங்குது. மேசை வேணுமாம்."