நாலு மணிக்குப் பாய் உதறியவள்

"அந்த நேரம் நீங்க வீட்ல இருந்ததைப் பார்த்தவங்க யாரு?" என்று வக்கீல் ராஜகோபால் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சலோடு தனியாகப் படுத்துக் கிடந்தவளை யார் பார்ப்பார்கள்? என் வீட்டுக்காரர் மௌத்தாகி, அடக்கம் பண்ணி ஆறு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அஸ்தினாபுரத்து மாடி வீட்டில் நானும் பம்பு ஸ்டவ்வும்தான்.

நான் சமையல் வேலை செய்யும் வீட்டில் வியாழக்கிழமை நாலு மணிக்குச் செயின் காணாமல் போனது. புர்கா போட்ட ஒருத்தி வெளியே போனதை வாட்ச்மேன் பார்த்தாராம். புர்கா என்றால் இந்த நூர் பீவிதானா? ஊரில் வேறு யாரும் போடுவதில்லையா?

"திருட்டைப் போலீஸ்தான் நிரூபிக்கணும். ஆனா வீட்ல இருந்தேன்னு சொன்னா, அதை நாமதான் காட்டணும்மா."

"கீழ் வீட்டு வாசல்ல மீன் விக்கிற சரிதா இருக்கா. அவளுக்கும் எனக்கும் மூணு வருஷமா ஆகாது சார். நான் மாடியில பாய் உதறினா கூடையில தூசி விழுதுன்னு தினமும் திட்டுவா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேண்டாதவங்க சொன்னாத்தாம்மா எடுபடும்."

சம்மன் போனது. கூண்டேறி என்னைக் கழுவி ஊற்றப் போகிறாள் என்று தாம்பரம் கோர்ட்டில் பயந்துகொண்டு நின்றேன்.

"எனக்கும் இதுக்கும் பேச்சே கெடையாது சார்," என்றாள் சரிதா. "ஆனா அன்னிக்கு இது வூட்லதான் இருந்துச்சு. மாடிப்படி என் கண்ணெதிர்லதான் கீது, எறங்கவே இல்ல. நாலு மணிக்கு இருமிகினே பாயை உதறி, என் நெத்திலி மேல பூரா மண்ணு."

"அதே நாள்தான்னு எப்படிச் சொல்றே?" என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"அன்னிக்கு சாயங்காலந்தானே போலீஸ் ஜீப்பு வந்து இட்டுகினு போச்சு! காலைலருந்து ஸ்டவ் சத்தமே கேக்கல சார். ஒரு வாய் கஞ்சி கூட காய்ச்சல போல."

நான் சாப்பிடாததை ஒருத்தி கவனித்திருக்கிறாள். கோர்ட் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

விடுதலை ஆனது. திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால்.

மறுநாள் நாலு மணிக்குப் பாயை உதறினேன். சரிதா நிமிர்ந்து பார்த்தாள். திட்டாமல் கூடையை நகர்த்திக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. என்மேல் பாவம் பார்க்கிறாள் போலிருக்கிறது.

இப்போது முன்னைவிட வேகமாகவே உதறுகிறேன். தூசி பறந்து அவள் தலையிலேயே விழுகிறது. அவள் முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள்.

திட்டேன்டி. நாள் முழுக்க என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?