இருபத்திரண்டு நிமிடம்

"நீ பேசிக்கினு இரு நசீ, நான் போயி ஆஃப் பண்ணிட்டு வரேன்," என்று சொல்லி, லுங்கியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தார், அவ்வளவுதான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார், பழவேற்காட்டிலிருந்து லாத்தா, கூடப் பிறந்த மூத்தவள் ரமீஸாவின் போன் வந்தால் நசீரா லேசில் எழுந்திருக்க மாட்டாள் என்பது இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் பக்கீர் முகம்மதுவுக்குத் தெரியாத விஷயமா... ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். மோட்டாரைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் போனா என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவள் ரோஷத்தில் எழுந்து தானே போயிருப்பாள். நீ பேசிக்கினு இரு... பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது மணி ஒன்பது பதினெட்டு. நசீரா பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறிப் பச்சைப் பட்டனை அமுக்கினாள், போர் மோட்டார் ஒரு முறை உறுமி ஓட ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் முரளி புது ஸ்டார்ட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவர் போன மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த கையோடு வந்து மாட்டிவிட்டுப் போனான். அதுவரை அது எங்கே இருந்தது? வீடு கட்டின புதிதில் அவள் தோள் உயரம். தெருவுக்கு ரோடு போடப் போட, பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே ஜல்லியைக் கொட்டிக் கொட்டி, ஏறி வந்த மூன்று படி போய் இறங்கி வருகிற இரண்டு படியாச்சு, அவரும் விடாமல் வீட்டுத் தரையை ஒரு தடவை, பின்கட்டை இரண்டு தடவை இடிபாட்டு ரப்பீஸ் கொட்டி உயர்த்தினார், மகன் மொஹசின் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் ஃபேனில் இடிக்கும், சுவிட்ச் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் ரோட்டில் ஹார்டுவேர் கடை, திருநின்றவூரில் பாதி வீட்டுக்குச் சுவிட்ச் விற்றவர் அவர், தன் வீட்டு சுவிட்சுக்கு மட்டும் எப்போதும் அடுத்த வாரம்.

பக்கத்தில் பட்டனுக்குக் கீழே சுவரில் பென்சிலால் அவர் எழுதின 22 இன்னும் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்த அன்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேங்க் ரொம்ப எத்தனை நிமிடம் என்று உட்கார்ந்து எண்ணி எழுதினது. அவள் அதைப் பார்க்காமல் இறங்கினாள்.

ஒன்பதரைக்குப் பில்டர் ஜெயராஜ் வருவான், இந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கையெழுத்து வாங்க. நேற்றோடு புருஷன் போனவள் இருக்கிற இத்தா முடிந்தது, நாலு மாதம் பத்து நாள் அவள் வாசலைத் தாண்டவில்லை, அவர்களும் அதுவரை வரவில்லை, விவரம் தெரிஞ்ச மனுசங்க உம்மா, மரியாதை தெரிஞ்சவங்க என்றான் மொஹசின். மரியாதைதான். கார்த்திகை மழையில் பக்கத்து அபார்ட்மெண்டின் கார் நிறுத்துகிற பள்ளத்தில் தண்ணீர் நின்றபோது, பம்பு வைத்து மதிலுக்கு இந்தப் பக்கம் இறைத்துவிட்டதும் இதே ஜெயராஜ் கட்டின கட்டடத்து ஆட்கள்தானே, கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் அரை மணியில் முழங்காலுக்கு ஏறினது அதனால்தானே, ஊரே அப்படித்தான் சொல்கிறது, ஜமாத்தில் அப்படித்தான் பேசினார்கள், பம்புக்காரன்தான் பாயைக் கொன்னுட்டான் என்று. அவளும் தலையாட்டினாள். தலையாட்டினது பொய்யா? பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை...

மோட்டார் ஓடுகிறது. ஒன்பது இருபத்து நாலு.

இந்தத் தெருவுக்கு அப்போது பெயரே கிடையாது, பாய் ஊட்டுத் தெரு என்றுதான் பால்காரரும் தபால்காரரும் சொல்வார்கள், இப்போது முனையில் பச்சை போர்டு, ஏதோ அவென்யூ. ஐந்து அபார்ட்மெண்ட், வாட்ஸ்அப்பில் தெருக்காரர்கள் குரூப், அதில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார், பள்ளத்தில் இருக்கும் பழைய வீடுகளால்தான் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று, கீழே பன்னிரண்டு கட்டைவிரல். பள்ளத்தில் இருக்கும் வீடா! யார் பள்ளத்தில் போய் வீடு கட்டினார்கள்? சமதரையில்தான் கட்டினார்கள், சுற்றி எல்லோரும் மேலே ஏறிக்கொண்டு, ஏறாதவனைப் பார்த்து நீ ஏன் கீழே இருக்கிறாய் என்றால்... ஆனால் அவர்களும் என்ன செய்வார்கள், அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஓடுகிற பிள்ளைகள், இங்கே இல்லாவிட்டால் எங்கே வீடு வாங்குவார்கள், பக்கத்து அபார்ட்மெண்ட் மேல்வீட்டுப் பெண் கவிப்பிரியா நோன்புக் கஞ்சிக்குத் தூக்கைக் கொடுத்தனுப்புகிறவள்தானே... யாரைக் கோபிப்பது என்று தெரியாததுதான் பேஜாரு. கோபிக்க ஆள் கிடைத்தால் மனுஷி கொஞ்சம் தூங்குவாள்.

காலையில் எதிர்வீட்டுக் கனகாம்பாள் வந்திருந்தாள், இத்தா நாலு மாதமும் கறிகாய் வாங்கிவந்து போட்டவள், இந்தத் தெருவில் இறங்கிப் போகிற வீடு இவளது ஒன்று, அவளது ஒன்று. வாசலிலேயே நின்றாள்.

"இன்னா பாய் ஊட்டம்மா, இன்னிக்கி கையெழுத்தாமே?"

"தெரியல."

"தெரியலன்னா? உன் கை உனுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள், சிரித்த வாயாலேயே, "நீயும் மேல ஏறிக்கினா ரெண்டு ஊட்டுத் தண்ணியும் என் ஊட்டுக்குத்தான் வரும். படகு ஒண்ணு வாங்கி உட்டுடு, உங்க பழவேற்காட்டு ஆளுங்ககிட்ட சொல்லி," என்றாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கைக்குத்தான் சொன்னாள். வேடிக்கைக்கா சொன்னாள்?

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். படியில் செருப்பு, ஒன்று, இரண்டு, இறங்குகிறார்கள். மொஹசின் குரல், பாத்து சார், தலை இடிக்கும். நசீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக் கதவோரம் நின்றாள். ஜெயராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி முகம், அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணாவது மாடி, கெழக்கு பாத்த ஃப்ளாட்டும்மா. தண்ணி, மழை, ஒரு தொல்லையும் இல்ல. மோட்டார்கூட சென்சார்தான், டேங்க் ரொம்புனா தானா ஆஃப் ஆயிடும். நீங்க மறந்தாலும் ஒண்ணும் ஆவாது."

மறந்தாலும். ஒண்ணும் ஆவாது. அவன் தெரிந்தா சொன்னான், பாவம், எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னான்... ஆனால் நசீராவுக்குக் காதுக்குள் மோட்டார் சத்தம் திடீரென்று பெரிதாகிவிட்டது, அன்றைக்கும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, டேங்க் ரொம்பி சன்ஷேடில் தண்ணீர் விழுந்தது, மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள், இல்லை, நினைத்துக்கொள்ளவில்லை, தெரியும், தெரிந்தும் லாத்தாவின் மருமகள் கதை முடியட்டும் என்று... பிறகு, அவர் முழங்கால் தண்ணீரில் நின்று சுவிட்சைத் தொட்ட நொடியில், வீடு முழுக்கக் கரண்ட் போனது, ஃபேன் நின்றது, லாத்தா மட்டும் போனில் பேசிக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டை இடித்தால் அந்த 22 எழுதின சுவரும் போகும். அவள் செய்ததற்கு அத்தாட்சி இந்த ஒரு சுவர்தான். அது போன பிறகு பம்புக்காரன் கதைதான் மிஞ்சும், அவளே அதை நம்ப ஆரம்பித்துவிடுவாள், அதற்காகவா மூன்றாவது மாடிக்கு ஏறுவது?

"ஒரு நிமிசம்," என்று பின்கட்டுக்கு நடந்தாள். மொஹசின் பின்னாலேயே வந்தான்.

"உம்மா, இன்னா இப்போ? அவரு வெயிட் பண்றாரு."

"உங்க வாப்பா போன அன்னிக்கி, மோட்டாரு எத்தினி நிமிசம் ஓடிச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

திட்டப்போகிறான், அழப்போகிறான், என்னவோ ஒன்று, நாலு மாதமாக அவள் இந்த ஒரு கேள்வியைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு... மொஹசின் துவைக்கிற கல்லைப் பார்த்தான்.

"முப்பத்தெட்டு," என்றான்.

"யாரு சொன்னது?"

"உன் போனு ஒரு வாரம் எங்கிட்டத்தான இருந்திச்சி. நீ மோட்டாரப் போட்டதும் பெரியம்மா போன் பண்ணது, கரண்ட் போறவரைக்கும் பேசினது, எல்லாம் அதுல கீது." கல்லின்மேல் கையை வைத்தான். "யாருக்கும் சொல்லல உம்மா. நீ தெனம் இந்தக் கல்லு மேல ஏறி நிக்கிறத என்னால பாக்க முடியல. அதுக்குத்தான் ஃப்ளாட்டு. வேற இன்னாத்துக்குன்னு நெனச்ச?"

அவள் என்ன நினைத்தாள்? மருமகளாக வரப்போகிறவளுக்கு லிஃப்ட் வைத்த வீடு வேண்டும் என்று நினைத்தாள். வாப்பாவின் மண்ணைக் காசாக்குகிறான் என்று நினைத்தாள். நாலு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டிருக்கிறார்கள், அவள் மறைத்ததை அவனும் மறைத்துக்கொண்டு, இட்லியைப் பிட்டுக்கொண்டு... தெரிந்த பிறகும் உம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான், ஒரு தடவைகூடக் குரல் மாறவில்லையே. மாறியிருக்கலாம். அவள்தான் கவனிக்கவில்லையோ? அப்படியானால் இனி இந்தச் சுவர் வேண்டுமா, வேண்டாமா... அவன் இருக்கிறானே அத்தாட்சிக்கு. கனகாம்பாள் வீட்டுக்குத் தண்ணீர் போகுமே, அதற்கு என்ன பதில்? கூடத்தில் ஜெயராஜ் தொண்டையைக் கனைத்தான். ஃபைல் திறக்கிற சத்தம்.

மேலே டேங்கிலிருந்து முதல் தண்ணீர் சன்ஷேடில் சொட்டியது. மொஹசின் கையைத் தூக்கினான், அவனுக்குக் கல் தேவையில்லை, அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறிச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். சத்தம் நின்றது. அடுக்களைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

ஒன்பது நாற்பது. இன்றைக்கும் இருபத்திரண்டு நிமிடம்தான்.