வயற்காரியின் கிடாரம்

முல்லைத்தீவுக் கடற்கரையில் றோசம்மாவுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சுவாமியாரும் அவள் புருசன் மத்தேயுவும் மட்டும் சொல்வார்கள். மற்றவர்கள் வாயில் அவள் ‘வயற்காரி’. வவுனியாப் பக்கத்து வயல் ஊரிலிருந்து மீன்பிடிகாரனைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை.

அதற்குக் காரணம் அவள் சீதனமாகக் கொண்டுவந்த இரண்டு பித்தளைக் கிடாரங்கள். நெல் அவிக்கிற கிடாரத்துக்குக் கடற்கரையில் என்ன வேலை? ஊரே சிரித்தது. மத்தேயுவின் கூடப்பிறந்த மச்சாள்மார் அவற்றில் மீனை உப்புப் போட்டு வைத்து அடியை ஓட்டையாக்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டும் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் களிம்பு பிடித்துக் கவிழ்ந்து கிடந்தன. றோசம்மா அதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை.

ஆனால் சும்மா இருந்து அழுகிறவளும் அல்ல அவள். அந்த உப்புக் காற்றில் பூ நிற்காது. இலை நிற்கும் என்று கண்டுகொண்டாள். கன்னியர் மடத்து மதிலோரம், பெரிய உத்தியோகத்தர் வீட்டு வாசல், எங்கே நிறமான இலையைக் கண்டாலும் ஒரு தடியாவது கேட்டு வாங்காமல் நகரமாட்டாள். மஞ்சட் புள்ளிக் குரோட்டன், இரத்தச் சிவப்புக் குரோட்டன், வெள்ளை தெளித்த நிறச் சேம்பு, தொட்டால் வெல்வெட்டாக இருக்கும் கடும் ஊதா இலை. எல்லாரையும் போல அவளும் வெற்று எண்ணெய்த் தகரத்துக்கு ஒரு செடியாகத்தான் வைத்தாள். பன்னிரண்டு தகரம் சேர்ந்தது.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாதா பெருநாளுக்குக் கோயில் வாசலைச் சோடிக்கும் முறை மத்தேயு வீட்டுக்கு வந்தது. வருடத்துக்கு ஒரு வீடு என்று சுற்றிவருகிற மரியாதை அது. தவறவிட்டால் இனி இருபது வருடம் பொறுக்கவேண்டும். வாசலில் தன் செடிகளை வைப்பதென்று றோசம்மா சொன்னதும், கோயில் மூப்பர் செபமாலை வீடு தேடி வந்துவிட்டார்.

“பிள்ளை, மாதாவுக்கு இலையையோ வைக்கப் போறாய்? ஆடு மாடுதான் சந்தோசப்படும்.”

“பூ ஒரு நாளில வாடிப்போகும், மூப்பர். இது நிண்டு பிடிக்கும்.”

“பெருநாளுக்கு முதல்நாள் வந்து பாக்கிறன். சரிவராட்டி வாசலை வேற வீட்டுக்குக் குடுத்துடுவன். பிறகு குறை சொல்லக்கூடாது.”

பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் றோசம்மா புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு வீட்டில், ஊதா நிறத்தில் வெள்ளிக் கோடு ஓடும் படர்கொடி இருப்பதாகக் கேள்வி. மீன் கழுவிய தண்ணீரை அவள் நாளாந்தம் செடிகளுக்கு ஊற்றுவதை மத்தேயு பார்த்திருக்கிறான். களைத்து வருகிறவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டுமென்று அன்று அவனே ஊற்றினான். வேதக்காரர் வீட்டிலும் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவதுண்டு.

மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் கருகியது. றோசம்மா ஒரு தகரத்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, எந்தத் தண்ணியை ஊத்தினனியள்?”

“மீன் தண்ணிதான். பீப்பாவில கிடந்தது.”

“அது கருவாட்டுக்கு உப்புப் போட்ட தண்ணி.”

புயற்கடலுக்கு அஞ்சாத மத்தேயு அவள் பார்த்த பார்வைக்கு அஞ்சினான். அவள் கருகிய செடிகளைப் பிடுங்கி, நல்லதண்ணீர்க் கிணற்றடியில் வேர் வேராகக் கழுவினாள். கடைசி ஆறு தகரத்துக்கு வரும்போது பீப்பா வற்றியிருந்தபடியால் அந்த ஆறு தப்பின. கழுவிய ஆறும் போயின. ஆறு தகரத்தைப் பெரிய வாசலில் வைத்தால் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

அப்போதுதான் அவள் கண் கோடிப்புறத்துக்குப் போனது. அடி ஓட்டையான கிடாரங்கள். செடிக்கு வேண்டியதும் அதுதானே, தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு வழி.

அவள் கேளாமலே மத்தேயு போய்க் காட்டோரத்து இலை மக்கிய மண்ணும் ஆற்று மணலும் கொண்டுவந்து கொட்டினான். பிறகு பழப்புளியும் சாம்பலுமாகக் கிடாரங்களை உள்ளும் புறமும் தேய்க்கக் குந்தினான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த பாசை அது.

றோசம்மா முதலில் சிவப்புக் குரோட்டனுக்குப் பக்கத்தில் ஊதா இலையை வைத்தாள். இரண்டும் சண்டை பிடித்தன. பிடுங்கினாள். நடுவில் வெள்ளைச் சேம்பை வைத்துப் பார்த்தாள். சிவப்பு எழும்பி நின்றது, ஊதா ஆழமானது, சேம்பு இரண்டையும் சமாதானப்படுத்தியது. உயர நிற்க ஒன்று, இடை நிரப்ப இரண்டு. விளிம்பு வழியே அன்று கொண்டுவந்த புதுக்குடியிருப்புக் கொடியை வழியவிட்டாள். தனித்தனித் தகரத்தில் இத்தனை வருடம் பார்த்த செடிகளா இவை என்று அவளே மலைத்தாள். மற்றக் கிடாரத்தில் சிவப்புக்குப் பதில் மஞ்சட் புள்ளி. ஐந்து நாள் நிழலில் வைத்து, நல்லதண்ணீர் ஊற்றி, ஒருவரையும் கிட்ட விடவில்லை, முக்கியமாக மத்தேயுவை.

பெருநாளுக்கு முதல்நாள் மூப்பர் கடதாசிப் பூக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் இரு பக்கமும் கிடாரங்கள் பொன்னாக மின்னின. மூப்பர் ஒரு தரம் சுற்றி வந்தார். குனிந்து ஓர் இலையைத் தொட்டு, உண்மைதானா என்று பார்த்தார். பிறகு கடதாசிப் பூவைக் கோயில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

பெருநாளன்று வெளியூர்ச் சனம் வாசலை விட்டு நகரவில்லை. பூசை வைக்க வந்த புதுச் சுவாமியாரும் நின்றார்.

“ஆர் செய்தது, மூப்பர்?”

“எங்கட ஊர்ப் பிள்ளை, சுவாமி. எங்கட றோசம்மா.”

ஆறு வருடத்தில் முதல்தரம் ஊர் வாயில் அவள் பெயர். மத்தேயு கண்ணைத் துடைத்துக்கொண்டான். றோசம்மா துடைக்கவில்லை. நெஞ்சு நிறைய, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அப்பிடி மட்டும் சொல்லிப்போட்டு விடாதேங்கோ, மூப்பர். வயற்காரியின்ர கிடாரம் எண்டும் சொல்லுங்கோ.”

மூப்பர் அதையும் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி.