இடது இடுப்பு

பேனாவைக் கையில் வாங்கிவிட்டார், ஆனால் லேத்துக்காரருக்குக் கையெழுத்துப் போடக் கை ஓடவில்லை. பிணவறைக் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி கிடந்தாள். மாலை நான்கு மணிக்குத் தகனம். அதற்குள் அவளுடைய இடது இடுப்பைத் திறந்து செயற்கை மூட்டை எடுக்கலாமா, கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

“தீயில போச்சுன்னா தேய்மானம் எதுவும் தெரியாதுங்க ஐயா,” என்றார் வக்கீலம்மா. “கம்பெனிமேல போட்ட வழக்கு அம்மா போனதோட முடிஞ்சிடாது. வாரிசா நீங்களும் பொண்ணும் நடத்தலாம். இதே மூட்டு வச்ச இன்னும் முப்பது பேர் நம்மளோட இருக்காங்க. ஆனா மூட்டு வேணும். உள்ள எப்படி இருக்கோ அப்படியே வேணும்.”

கடைசிச் சொல் யாரைக் குத்தியது என்று பக்கத்தில் நின்ற மகளுக்கும் தெரியும்.

அவளுக்கு இரண்டு இடுப்பிலும் அதே கம்பெனி மூட்டுதான். இரண்டு வருடம் முன்பு, கெட்டுப்போன வலது மூட்டைக் கழற்றியபோது அதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்தவர் அவர்தான். நாற்பது வருடம் லேத்தில் கடைசல் பிடித்த கை. கீறலும் கறுப்புமாக இருந்த அந்த உலோக உருண்டையைப் பார்க்கவே சகிக்கவில்லை. இவள் உடம்பில் இருந்த பொருள் இப்படியா இருப்பது என்று பட்டறைக்குக் கொண்டுபோய், பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, முகம் தெரிய மினுக்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவளும் அதில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, “இனி கண்ணாடி வாங்க வேணாம்” என்று சிரித்தாள். அந்தக் கீறல்கள்தான் சாட்சி என்று வழக்குப் போடப் போனபோதுதான் தெரிந்தது. “இதுல குறையே இல்லையே” என்றாராம் கம்பெனி வக்கீல். யார் வீட்டிலும் நடக்காத கூத்து.

மிச்சமிருந்த இடது மூட்டு அவள் நடக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. அதிலிருந்து உதிர்ந்த துகள் ரத்தத்தில் கலந்து இதயத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். நேற்றுக் காலை அந்த இதயம் நின்ற பிறகும் வீட்டில் அந்தக் கிறீச் சத்தம் நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசலுக்கு. இப்போது இந்தத் தாழ்வாரத்திலும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

“இனி என்மேல கத்தி வைக்க விடாதீங்கன்னு கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா,” என்றார் மகளிடம். “நானும் சரின்னேன்.”

“தெரியும்பா. நானும் அங்கதான இருந்தேன்.”

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“போன மாசம்கூட அதே மூட்ட ஒரு பொண்ணுக்கு வச்சிருக்காங்கப்பா. அவளுக்கு என் வயசு.”

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, காகிதத்தை வாங்கிய டாக்டரின் கையைப் பிடித்தார்.

“தொடைக்காம எடுங்க டாக்டர். எடுத்து வக்கீலம்மாகிட்டயே குடுத்துடுங்க. என் கையில மட்டும் குடுத்துடாதீங்க.”

மூன்று மணிக்கு வக்கீலம்மா முத்திரை வைத்த பெட்டியோடு கிளம்பினார். மனைவியை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி குலுங்கியதும், மூட்டில்லாத இடது கால் போர்வைக்குள் வெளிப்பக்கமாகச் சரிந்தது. அவர் நேராக்கி வைத்தார். மறுபடியும் சரிந்தது.

“துணி வச்சுக் கட்டிடலாங்க,” என்றார் கூட வந்த ஊழியர்.

“வேணாம்பா.”

அவர் இருக்கையை விட்டு இறங்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தபடி வண்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். மகள் தன் கால்களை ஒடுக்கி இடம் விட்டாள்.