மாமி மணந்து சொன்ன வைன்

புதன்கிழமை மத்தியானம் கனகேஸ்வரி சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மருமகள் யூஜினா நின்றாள். மகன் உமாசுதன் டோஹாவுக்கு வேலைக்குப் போன பிறகு அவள் கொட்டாஞ்சேனையில் தாய் தகப்பனோடு இருந்தாள். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தைக்கு வருவாள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

“என்ன பிள்ளை, சுதனுக்கு ஏதும்...?”

“இல்ல மாமி, அவர் நல்லா இருக்கிறார். எனக்குத்தான் உங்கட உதவி ஒண்டு வேணும்.”

சாப்பாட்டு மேசையில் பையை வைத்து, துவாயில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். நீளக் காம்பு வைத்த இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள். பிறகு ஒரு போத்தல். கடும் சிவப்பு. கனகேஸ்வரி போய்ச் சாமி அறையின் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

யூஜினாவின் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர் கேட்டால் ‘இம்போர்ட் கொம்பனியில’ என்று சொல்லி அதோடு விட்டுவிடுவாள். ஒருகொடவத்தையில் களஞ்சியம் வைத்திருந்த அந்தச் சின்ன நிறுவனம் வெளிநாட்டு வைன் இறக்கியது. வாங்குவதற்கு முன்னால் சாம்பிள் வரும். அதை மணந்து, வாயில் வைத்துத் துப்பி, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பது யூஜினா.

“பத்து நாளைக்கு முதல் எனக்குக் காய்ச்சல் வந்ததுதானே மாமி. காய்ச்சல் போயிட்டுது. மணம் திரும்பி வரல்ல.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமே இல்ல. அம்மா மீன் பொரிக்கிறா, எனக்குத் தெரியாது. சோறு கடதாசி மாதிரி இருக்கு. வீட்டில சொல்லல்ல. ஒபிசிலயும் சொல்லல்ல.” அவள் கிளாஸின் காம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். “இது தென்னாபிரிக்கா வைன். விலை குறைவு. அஞ்சு மணிக்கு முதல் பதில் சொல்லாட்டி அவங்க வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல மூக்கு உங்கடதுதான் மாமி. குடிக்கத் தேவையில்ல. மணந்து மட்டும் சொல்லுங்க.”

கனகேஸ்வரியின் மூக்கைப் பற்றி யூஜினா கேள்விப்பட்டிருந்தது மெய்தான். முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்து கொடுத்தவள் அவள். பழுதான பாணி மருந்தை மூடி திறக்கும்போதே சொல்லிவிடுவாள். ஆனால் குடிவகை என்று ஒன்றை அறுபத்திநாலு வயது வரைக்கும் அவள் தொட்டதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் நடந்த மகனின் கலியாணத்தில்கூட, எல்லோரும் எழும்பி கிளாஸை உயர்த்தியபோது அவளுடையது மேசையிலேயே இருந்தது. யூஜினாவின் தகப்பன் ஹியூபேட் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பினார். கனகேஸ்வரி அதைக் கோபத்தில் செய்யவில்லை. கையை என்ன செய்வதென்று அவளுக்கு அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை. இன்றைக்கு, எதிரே கண் கலங்கிக்கொண்டு இருந்த பிள்ளையைப் பார்த்தபோது, அந்தக் கதை எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

“ஊத்து பாப்பம்,” என்றாள்.

தக்கை கிக்கை ஒன்றும் இல்லை. யூஜினா திருகுமூடியைத் திருகினாள். கிளாஸின் அடியில் இரண்டு விரல் அளவு ஊற்றினாள். கடல் பக்கத்து யன்னலால் வந்த வெயில் அதற்குள் புகுந்து மேசை விரிப்பில் ஒரு சிவப்பு வட்டமாக விழுந்தது. கீழே கரையோரமாக ரயில் போனது. வட்டம் நடுங்கிவிட்டு நின்றது.

கனகேஸ்வரி குனிந்து மணந்தாள். உடனே தலையை எடுத்தாள்.

“பஸ் சடாரெண்டு பிரேக் பிடிச்சா வாற மணம்.”

“றப்பர்!” யூஜினா கையைத் தட்டினாள். “இதில மூண்டு விதமான திராட்சைப் பழம் கலந்திருக்கு மாமி. சின்சோ, ஷிராஸ், பினோட்டாஜ். அந்தப் பினோட்டாஜில சில நேரம் இப்பிடி வரும்.”

“அப்ப பிழையான சாமானோ?”

“காத்துப் பட்டுப் போச்செண்டா பிழையில்ல. போகாட்டித்தான் பிழை. பொறுத்துப் பார்க்க வேணும்.”

ஆக, பொறுத்திருந்தார்கள். மருமகளோடு ஒரு வேலையும் இல்லாமல் ஒரே மேசையில் இருந்தது கனகேஸ்வரிக்குப் புதிது. யூஜினா தென்னாபிரிக்காக்காரர் அனுப்பிய கடிதத்தை லப்டொப்பில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மேற்குக் கரைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு நிலம். மழை குறைவு. பகலெல்லாம் நெருப்பு வெயில், பின்னேரமானால் கடலில் இருந்து குளிர்காற்று ஏறி வரும். திராட்சைக்குப் பந்தல் கிடையாது. ஒவ்வொரு மரமும் இடுப்பளவு உயரத்தில், தன்பாட்டில், தனியே நிற்கும்.

“பந்தல் இல்லாமலோ? அதுகும் கொடிதானே, என்னத்தைப் பிடிச்சு நிக்கும்?”

“ஒண்டையும் பிடிக்காதாம் மாமி. வயசு போகப் போகத் தண்டு தடிச்சு, அதுவே நிண்டிருமாம்.”

கால் மணித்தியாலம் கழித்து மணந்தபோது றப்பர் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்று எட்டிப் பார்த்தது. நன்றாகக் கனிந்த ஜம்புப் பழம். அதற்கும் பின்னால் நாவற்பழம், கொட்டையோடு நசுங்கியது. கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். யூஜினா அதை லப்டொப்பில் தட்டிக்கொண்டே போனாள். மருமகள் இழந்த ஒன்று தன் வாயால் சொல்லச் சொல்ல அந்த முகத்துக்குத் திரும்பி வருவதுபோல் கனகேஸ்வரிக்குப் பட்டது.

“வாய் என்ன சொல்லுதெண்டும் பாக்க வேணும்,” என்றாள் திடீரென்று.

“மாமி, நான் உங்களைக் கட்டாயப்படுத்தல்ல...”

“மணம் மட்டும் பாத்து மருந்தை வெளியில விடேலாது. துப்புறதுக்கு ஒரு பாத்திரம் எடு.”

முதல் மிடறைச் சூப் கோப்பையில் துப்பினாள். புளிப்பு இருந்தது, அளவான புளிப்பு. பச்சைப் பாக்குக் கடித்த மாதிரி நாக்கின் இரண்டு பக்கமும் இறுகிக் காய்ந்தது. ஆனால் முடிவில் என்ன வருகிறதென்று தெரியவில்லை. துப்பினால் முடிவும் அதோடு போய்விடுகிறது. இரண்டாவது மிடறை அவள் விழுங்கினாள். தொண்டையால் ஒரு சின்ன வெப்பம் இறங்கியது. எல்லாம் அடங்கின பிறகு, வேறு ஒருவர் மெல்லக் கதவைத் தட்டுவதுபோல, மிளகு வந்தது.

“கடைசியில மிளகு. நல்ல மிளகு,” என்று சொல்லிவிட்டு யன்னலோரச் சாய்மனைக் கதிரையில் போய் இருந்தாள்.

யன்னல் திரை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. கடல் இரைச்சல் கிட்ட வந்தது. பிறகு அது கடல் இரைச்சலாக இல்லை, செடிகளுக்குள் போகும் காற்றாக இருந்தது. அவள் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். காலடியில் செம்மண் சுட்டது, முகத்தில் காற்று குளிர்ந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு மரங்கள், ஒன்றையொன்று தொடாமல், ஆனால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. தலையில் துணி கட்டிய ஒரு பெண் குனிந்து பழக்குலைகளை வெட்டிக் கூடையில் போட்டாள். நீ ஆர், எங்கேயிருந்து வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஒரு பழத்தை நீட்டினாள். கனகேஸ்வரி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மேலும் நடந்தாள். மேட்டின் உச்சியில் கடல் தெரிந்தது, வெள்ளவத்தைக் கடல் இல்லை, கடும் நீலம். அதைப் பார்த்தபடி அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவசரம் என்று ஒன்றும் அங்கே இல்லை.

கண் விழித்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. சிவப்பு வட்டம் மேசையின் மறு கரைக்கு நகர்ந்துவிட்டது. யூஜினாவும் லப்டொப்புக்குப் பக்கத்தில் கையில் தலையை வைத்து நித்திரையாகிப் போயிருந்தாள். பத்து நாளாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். அவளை எழுப்பாமல் கனகேஸ்வரி கிளாஸை எடுத்து மணந்து பார்த்தாள். றப்பர் அடியோடு போய்விட்டது.

யூஜினா எழும்பிய பிறகு கனகேஸ்வரி கடைசித் தடவை சுவைத்துப் பார்த்தாள்.

“தொடக்கம் நல்லம், முடிவும் நல்லம்,” என்றாள் கனகேஸ்வரி. “ஆனா நடுவில ஒண்டுமில்லை. படியிறங்கேக்க ஒரு படி இல்லாமல் கால் வைக்கிற மாதிரி.”

யூஜினாவின் முகம் விழுந்தது. “அப்ப வேண்டாமோ?”

கனகேஸ்வரி கிளாஸை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மத்தியானத்துக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு சட்டியில் மிச்சம் இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, மேலே ஒரு மிடறு குடித்தாள். நின்றபடியே இன்னொரு தடவை செய்து பார்த்தாள்.

“இஞ்ச வா பிள்ளை, எழுது. இதைத் தனியக் குடுத்தா வெறுமையாத்தான் இருக்கும். உறைப்பான சாப்பாட்டோட அந்தப் படி வந்திட்டுது. சபையில முன்னுக்கு இருத்திற ஆள் இல்லை இது. பந்தியில பக்கத்தில இருந்து, கதை குடுத்து, இன்னும் ரெண்டு வாய் சாப்பிட வைக்கிற ஆள்.”

யூஜினா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது கனகேஸ்வரிக்கு ஞாபகமில்லை. “இருபதுக்கு எத்தனை போடலாம் மாமி?”

“பதின்மூண்டரை.”

“பதினாலு போடுவமே? விலைக்கு நல்ல வைன்தானே.”

“விலைக்குப் பதினாலு. வாய்க்குப் பதின்மூண்டரை. ரெண்டையும் எழுது.”

எழுதி முடித்துக் கீழே தன் பெயரைப் போட யூஜினா விரலை வைத்தபோது கனகேஸ்வரி கையைப் பிடித்தாள்.

“ஆர் பாத்ததோ அவரின்ர பேர்தான் அதில வரவேணும். கலந்தவரின்ர கையெழுத்து இல்லாமல் நான் ஒரு போத்தலையும் வெளியில விட்டதில்லை.”

“மாமி, முதலாளிக்குத் தெரிஞ்சா என்ட வேலை...”

“தெரியாமலே எவ்வளவு நாளைக்கு? அடுத்த முறை பிழையானது ஒண்டை நல்லதெண்டு எழுதுவாய். பிறகு உன்ர சொல்லை ஆர் நம்புறது?”

யூஜினா விரலை எடுத்தாள். நாலரைக்கு அவளே போனை எடுத்து முதலாளி கிளறன்ஸை அழைத்தாள். மாமிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். மணம் போனதைச் சொன்னாள். போன கிழமை வந்த இரண்டு சாம்பிளை நிறத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியதையும் சொன்னாள். அது கனகேஸ்வரிக்கே தெரியாத கதை.

அந்தப் பக்கம் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும் ஓசை கேட்டது.

“பத்து நாளா என்னட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல நீங்க,” என்றார் கிளறன்ஸ். “அந்த ரெண்டையும் நான் வேற ஆளிட்டக் குடுத்துத் திரும்பப் பார்க்கிறன். சரி, இண்டைக்கு இதை யார் பார்த்தது?”

“என்ட மாமியார், சேர்.”

“போனைக் குடுங்க.”

கனகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஓம் தம்பி, சொல்லுங்கோ.”

“அந்த றப்பர் மணம், அம்மா. போக எவ்வளவு நேரம் எடுத்தது?”

“ஒரு மணித்தியாலம் எண்டு வையுங்கோ. கால் மணித்தியாலத்தில பாதி போச்சுது. மிச்சம் போகேக்க நான் நித்திரை, அதால நிமிசக் கணக்காச் சொல்லேலாது.”

கிளறன்ஸ் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. பாதிக் கொண்டெய்னர் எடுப்பதாக அன்றைக்கே பதில் போனது. ஒரு மணித்தியாலம் முதலே திறந்து வையுங்கள், உறைப்பான சாப்பாட்டோடு கொடுங்கள் என்று போத்தலின் பின்பக்கத்தில் ஒட்டுவதாகவும் சொன்னார். யூஜினாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் டொக்டரிடம் காட்டி மணம் திரும்பும் வரைக்கும் சாம்பிள் பக்கம் வரக்கூடாது, களஞ்சியத்தில் சுங்கத் தாள்களைப் பார்க்க வேண்டும் என்றார். அது அவளுக்கு வலித்தது. வலித்தாலும், போகும்போது படிகளில் இறங்கிய காலடி வந்தபோது இருந்ததைவிட இலேசாகக் கேட்டது.

அதன் பிறகு அவள் புதன்கிழமைகளிலும் வரத் தொடங்கினாள். காலையும் மாலையும் நாலு விதமான வாசனையை மணந்து மணந்து மூக்கைப் பழக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். கனகேஸ்வரி நாலு சின்ன மண்ணிற மருந்துப் போத்தல்கள் தேடி எடுத்து, கராம்பு, தேசிக்காய்த் தோல், கோப்பி, யூக்கலிப்டஸ் என்று நிரப்பி, தன் வடிவான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். மூன்று கிழமை போயிற்று. ஐந்து கிழமை போயிற்று. யூஜினா ஒவ்வொன்றாக மூக்கில் வைப்பாள், தலையை ஆட்டுவாள். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவார்கள்.

ஏழாவது புதன் மத்தியானம் கனகேஸ்வரியின் போன் அடித்தது. எடுத்தால் ஒரே ஹோர்ன் சத்தம். அதற்குள் யூஜினாவின் குரல், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“மாமி! வெள்ளவத்தை வாய்க்கால் நாறுது மாமி!”

“என்ன?”

“பாலத்தில பஸ் நிண்டது. எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க. நான் இறங்கிட்டன். இஞ்ச பாலத்திலதான் நிக்கிறன். ஐயோ, என்ன நாத்தம் மாமி, செத்த நாத்தம்!”

கனகேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுபக்கம் பிள்ளை ஆழமாக மூச்சை இழுப்பது கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை.

“ஆறுதலா நிண்டு மணந்திட்டு வா,” என்றாள். “நான் சோத்தை வைக்கிறன்.”