டெர்மட் எண்ணாத மாடுகள்

டெர்மட் கில்ஹூலி ஊருக்குக் கிளம்பிய அன்று சேனாபதியிடம் சொன்னது மொத்தம் நாலே விஷயம். ஒருநாள் விட்டு ஒருநாள் மாட்டைப் பார்த்தால் போதும். தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலையில் புகை தெரிந்தால் முதலில் தீயணைப்புக்குப் போன், அப்புறம் எனக்கு. நாலாவது, பிக்கப் வண்டியின் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், நாலு வார்த்தை திட்டினால்தான் விழும்.

சொல்லாமல் விட்டது ஒன்று. அதைப் போய் ஒரு மாட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். மூச்சு விட மறக்காதே என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா?

லிவர்மோருக்குக் கிழக்கே, காற்றாலைகள் சுற்றும் மொட்டை மலையில் டெர்மட்டுக்கு அறுபத்திரண்டு கறுப்பு மாடுகள். சேனாபதி காங்கேயம் பக்கத்துப் பண்ணையங்களில் முப்பது வருஷம் ஆள்காரராக இருந்தவர். மகள் எழிலரசி மில்பிடாஸில் வேலையாகி, அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கிக் கூட்டி வந்தாள். வந்த ஒரு மாதம் லிவர்மோர் அப்பார்ட்மெண்டுக்குள் கட்டிப்போட்ட காளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் நடக்கப் போனவர், வேலிக் கம்பியைத் தனியாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார். நேராகப் போய்க் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அறிமுகம், அதுதான் வேலைக்கு மனு. நாலு வருஷம் ஆகிவிட்டது. "சார்" என்று கூப்பிடக் கூடாது என்றார் டெர்மட். "டெர்மட்டண்ணா" என்றார் சேனாபதி. அறுபத்து மூன்று வயசு மனிதரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது.

டெர்மட் அயர்லாந்தில் லீட்ரிம் என்ற சீமைக்காரர். எந்நேரமும் மழை. "எங்கப்பா ஏர் ஓட்டுனாரா படகு ஓட்டுனாரான்னு எனக்கே சந்தேகம்" என்பார். அந்த ஈரத்தில் பிழைக்க முடியாமல் இருபது வயசில் ஒரே பையோடு வந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் கல் சுமந்தார், ட்ரேசியில் பால் கறந்தார். சொந்தமாக மாடு வாங்கிய பிறகு மூன்று முறை குத்தகை நிலம் காலுக்கடியிலிருந்து உருவப்பட்டது. முதல் நிலத்தில் வீடுகள் முளைத்தன. இரண்டாவதில் திராட்சைக் கொடி. மூன்றாவதில் சூரியத் தகடு. ஒவ்வொரு முறையும் பாதி மாட்டை விற்றுவிட்டு, மீதியை ஓட்டிக்கொண்டு அடுத்த மலைக்கு ஏறினார். இது நாலாவது மலை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அழுகையும் இருக்காது, பெருமையும் இருக்காது. நேற்று வெயில், இன்று காற்று என்பதுபோலச் சொல்வார். சேனாபதிக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

அவருடைய அண்ணன் ஃபிரான்ஸி இன்னும் லீட்ரிமில்தான் இருக்கிறார், இருபத்திரண்டு ஏக்கரில். கலியாணம் இல்லை. அக்கம்பக்கத்து நிலத்தையெல்லாம் மரக் கம்பெனிகள் வாங்கி, ஸ்ப்ரூஸ் மரத்தை நெருக்கி நட்டுவிட்டன. மூன்று பக்கமும் காடு. பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் விளக்குப் போட வேண்டும். அந்தச் சந்தில் பதினோரு வீட்டில் அடுப்புப் புகைந்தது போய், இப்போது இரண்டு வீடு. வருஷம் தவறாமல் கம்பெனி ஆள் காகிதத்தோடு வருவான். ஃபிரான்ஸி டீ கொடுத்து அனுப்பிவிடுவார், கையெழுத்து மட்டும் போட மாட்டார். அந்த மனிதர் இந்த ஆகஸ்டில் டிராக்டர் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அறுத்த புல் வயலில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது. டெர்மட் அடுத்த விமானத்தில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை காலை சேனாபதி மலைக்குப் போனார். அந்தக் கோடையில்தான் டெர்மட் மந்தையை இந்தச் சரிவுக்கு மாற்றியிருந்தார், சேனாபதி இங்கே தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. மேய்ச்சல் நிலம் வேலியால் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் காட்டில் மாடெல்லாம் நின்று மேய்ந்தன. கீழ்க் காட்டில் தண்ணீர்த் தொட்டியும் நாலைந்து ஓக் மரமும். இரண்டுக்கும் நடுவிலிருந்த கேட்டு ஆவென்று திறந்து கிடந்தது. சங்கிலி தரையில் தொங்கியது.

"எந்தப் பொறுப்பத்தவன் நடக்க வந்து தொறந்து போட்டுட்டுப் போனானோ" என்று முணுமுணுத்தார். அவர் ஊரில் மாடு மேயும் கொரங்காட்டின் வேலிக் கடவைக் கடைசியாகத் தாண்டுகிறவன் சாத்த வேண்டும். சாத்தாமல் விட்டு, மாடு அடுத்தவன் சோளத்தில் இறங்கிவிட்டால், ஆள்காரன் அன்றைக்குச் சோற்றைப் பார்க்க மாட்டான். சேனாபதி கேட்டை இழுத்துச் சாத்தினார். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். குழாயைப் பார்த்தார், கசிவில்லை. அன்று செய்ததிலேயே கேட்டைச் சாத்தியதுதான் அவருக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவா விஷ்ணு கோயிலில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து. வெயில் நூற்று நாலு டிகிரி.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. வளைவு திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. பசிக்கு மாடு கத்துவது வேறு, கன்றுக்குக் கத்துவது வேறு. இது இரண்டும் இல்லை. பஞ்சத்து வருஷத்தில் காங்கேயத்தில் கேட்டு, இனிமேல் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்த சத்தம்.

மொத்த மந்தையும் கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கண்கள் உள்ளே போயிருந்தன, நாக்குகள் தடித்து வெளியே தொங்கின. பக்கவாட்டு வேலியோரம் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கிழட்டு மாடு, கீழே தொட்டி இருக்கும் திசைக்குத் தலையை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது.

சேனாபதிக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்து கிடந்தது யாரும் மறந்துவிட்டதால் அல்ல. மேல் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது. மாடு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறத்தான் கோடை முழுக்க அந்தக் கேட்டுத் திறந்திருக்கிறது. இரண்டு நாளாக அறுபத்திரண்டு உயிரையும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் பூட்டி வைத்தது அவருடைய கை.

உடனே திறந்துவிடவும் முடியாது. இந்த வெறியில் ஒன்றாக இறங்கினால் தொட்டியை உடைக்கும், குழாயைப் பிடுங்கும், கன்றுகளை மிதிக்கும். வெறும் வயிற்றில் மூச்சு விடாமல் குடித்தே சில சாகும். பத்துப் பத்தாக விட வேண்டும், இடையில் தொட்டி நிரம்ப வேண்டும். ஆனால் கொக்கியை எடுத்தால் அந்தப் பாரத்தை ஒரு ஆளால் திரும்பச் சாத்த முடியாது. பிக்கப்பை முட்டுக் கொடுக்கலாம் என்றால் ஓட்டுவது யார், கோலோடு நிற்பது யார்? அதன் உறுமலில் மாடு மிரண்டு கம்பியில் விழும்.

போனை எடுத்தார்.

"கண்ணு, எங்க இருக்கற?"

"ஃப்ரீவேல ஏறப்போறனுங்ப்பா. பத்து மணிக்கு மீட்டிங். ஏனுங்ப்பா, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"வண்டியத் திருப்பு சாமி. டெர்மட்டண்ணன் மலைக்கு வா. மாடு சாகப்போவுது."

"நான் வந்து என்னங்ப்பா பண்றது? எனக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?"

"நீ என்னமோ பண்ணு. எனக்கு உன்ற வண்டிதான் வேணும்."

எழிலரசியின் வண்டி போன மாதம் வாங்கிய எலக்ட்ரிக் கார். சத்தமே போடாது. கீழ்ப் பக்கமாக வந்து, மூக்கைக் கேட்டில் வைத்து அணைக்கச் சொன்னார். பின்னால் எடுத்தால் ஒரு மாடு நுழையும் சந்து, முன்னால் வந்தால் சாத்தியாகிவிடும். கொக்கியை எடுத்துவிட்டுக் கோலோடு சந்தில் நின்றார்.

"பின்னால எடு. போதும்! ஹோ... ஹோ... ஏழு, எட்டு, ஒம்போது, பத்து. முன்னால வா! வா, வா, வா!"

"அப்பா, இடிக்குதுங்ப்பா! பெயிண்ட் போயிடும்!"

"போனாப் போவுது, உடு!"

ஒரு மாடு கம்பிச் சட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக் காரின் முன் மூடியை நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தது.

"ஐயோ, காரை நக்குது!"

"நக்கட்டும், சும்மா கழுவி உடுது."

நாலாவது பத்து இறங்கும்போது அவள் போன் அடித்தது. ஸ்டியரிங்கை விடாமல், ஸ்பீக்கரில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். "மேனேஜர்ங்ப்பா. எங்க இருக்கன்னு கேக்கறாரு. நம்ப மாட்டேங்கறாரு. கேமரா ஆன் பண்ணச் சொல்றாரு."

"பண்ணு. மாட்டக் காட்டு. பின்னால எடு!"

எல்லாம் குடித்து முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. அறுபத்தொன்றும் ஓக் மர நிழலில் படுத்தன. சேனாபதியின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. காரின் முன்பக்கம் தகர டப்பா மாதிரி நெளிந்திருந்தது. எழிலரசி அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் ஊற்றினாள்.

"யாராச்சும் ஹைக்கர் சாத்திட்டாங்கன்னு சொல்லிடலாங்ப்பா. யாருக்குத் தெரியும்?"

"மாட்டுக்குத் தெரியுமே" என்றார் சேனாபதி. போனை அழுத்தினார்.

லீட்ரிமில் சாயங்காலம் ஏழு மணி. காற்றும் ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டது. சேனாபதிக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். நாலு வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் அதுவே போதுமான பாஷையாகியிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார். கேட்டு. நான் சாத்தினேன். இரண்டு நாள். ஒன்று போய்விட்டது.

டெர்மட் ஆட்களை விட்டுத் தள்ளி நடக்கும் சத்தம் கேட்டது.

"எது?"

"நெத்தியில வெள்ளப் பொட்டு."

"பிரைடி." மூன்று முறையும் அடுத்த மலைக்குக் கூடவே ஏறி வந்தவள் பிரைடி. "மத்ததெல்லாம் தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுது. பத்துப் பத்தா உட்டேன்."

"பத்துப் பத்தாவா? தனியாவா?"

"மக வந்தா. கார் வச்சு மறிச்சோம்."

டெர்மட்டுக்குச் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு சொன்னார், "கேட்டப் பத்தி நான் சொல்லல சேனா."

"நானும் கேக்கல டெர்மட்டண்ணா."

"சரி. இங்க மழை வர்றதுக்குள்ள புல்ல எடுத்துட்டோம். ஒம்போது பேர் வந்தாங்க. அதுல அஞ்சு பேர நான் முன்னப் பின்ன பார்த்ததில்ல. ஒருத்தன் பிரேசில்காரன், கறிக் கம்பெனில வேலை, ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்து நிக்கிறான். ஃபிரான்ஸி கட்டில்ல உக்காந்து ஜன்னல் வழியா எல்லாரையும் ஏவிக்கிட்டு இருக்கான். மரக் கம்பெனிக்காரனும் வந்தான். டீ குடிச்சிட்டுப் போனான்."

கையெழுத்து ஆகவில்லை என்று சேனாபதி புரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெர்மட் திரும்பினார். விமானத்திலிருந்து நேராக மலைக்கு. சேனாபதி கோலை ஊன்றிக்கொண்டு தயாராக நின்றார். காங்கேயத்தில் பண்ணையக்காரர் வெளியூர் போய் வந்தால் முதல் வேலை மாட்டை எண்ணுவதுதான். ஆள்காரனைப் பக்கத்தில் நிறுத்தி, விரலை நீட்டி, சத்தமாக எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அந்த நேரம் முழுக்க ஆள்காரன் திருடன்தான். முப்பது வருஷம் அப்படி நின்ற கால் சேனாபதியுடையது. இந்த முறை எண்ணிக்கையும் குறைவு.

டெர்மட் முதலில், பிரைடி எங்கே கிடந்தாள் என்று கேட்டார். காட்டியதும் அந்த இடத்துக்குப் போய்த் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வந்து பிக்கப்பின் பின்பலகையை இறக்கி உட்கார்ந்தார்.

"டீ இருக்கா?"

சேனாபதி பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். அந்நேரம் மாடுகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்த கேட்டு வழியே இறங்கத் தொடங்கின. எண்ண நினைப்பவனுக்கு அதைவிட வாகான நேரம் கிடையாது. டெர்மட் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. ஃபிரான்ஸியின் கால் எப்படிச் சேர்கிறது, அந்த பிரேசில்காரன் எவ்வளவு தின்கிறான் என்று பேசிக்கொண்டே டீயை ஊதி ஊதிக் குடித்தார். பின்னால் குளம்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி மாடும் தாண்டியபோது சேனாபதியின் கை, பழக்கத்தில், சங்கிலி இருந்த பக்கம் ஒரு முறை எழுந்தது. அவரே அதைக் கீழே இறக்கிக்கொண்டு, இன்னொரு டம்ளர் ஊற்றினார்.